திமிலுக்கு எலும்பு கிடையாது

"நாட்டு மாடு, நாட்டு மாடுன்னு எழுதறீங்களே, அது எந்த நாட்டு மாடுங்க? எப்பலேர்ந்து நாட்டு மாடு?" என்று சென்னையில் இருந்து படிக்கும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். பாதி கேலிதான். ஆனாலும் சரியான கேள்வி. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனால் கரண்ட் வரும்வரை மோட்டார் ரூமில் உட்கார்ந்து செல்போனில் எதையாவது படிப்பது என் பழக்கம். ரெண்டு மூணு வருஷமாக அதிகம் படிப்பது பழைய டி.என்.ஏ. ஆராய்ச்சிகளைத்தான். மாடு, நோய், மண் என்று மூன்றைப் பற்றியும் அதில் புதுசு புதுசாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நண்பருக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தலைப்பில் இருந்தே ஆரம்பிக்கிறேன். காங்கேயம் காளையைப் பார்த்திருப்பீர்கள். அதன் கம்பீரம் எல்லாம் அந்தத் திமிலில்தான் இருக்கிறது. ஆனால் திமிலுக்குள் எலும்பு கிடையாது. சதையும் கொழுப்பும்தான். மாடு செத்துப் புதைத்தால் முதலில் கரைந்து போவது அதுதான். மூவாயிரம் வருஷம் கழித்து ஒருவர் தோண்டினால் பல் கிடைக்கும், தாடை கிடைக்கும், கால் எலும்பு கிடைக்கும். அந்த மாட்டுக்குத் திமில் இருந்ததா இல்லையா என்பது அவ்வளவு சுலபமாகத் தெரியாது. முதுகெலும்பின் மேல்முள் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தால் திமில் மாடாக இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த எலும்பு உடையாமல் கிடைக்க வேண்டும். மற்றபடி அந்தக் காலத்து ஆட்கள் செய்து வைத்த பொம்மை, முத்திரை இவற்றைத்தான் நம்ப வேண்டும். சிந்துவெளி முத்திரையில் திமிலும் தொங்கும் அலைதாடியுமாக நிற்கும் காளையைப் பாடப் புத்தகத்திலேயே பார்த்திருப்போம்.

அதனால் மாட்டின் வரலாற்றில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. திமில் மாடு எங்கே இருந்து எங்கே போனது, எப்போது போனது என்பது எலும்பைப் பார்த்து முழுசாகச் சொல்ல முடியாத விஷயம். அந்த ஓட்டையை அடைத்தது எலும்புக்குள் மிச்சமிருந்த டி.என்.ஏ.

செத்த உடம்பில் டி.என்.ஏ. அப்படியே இருக்காது. செத்த நிமிஷத்தில் இருந்தே துண்டு துண்டாக உடைய ஆரம்பிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக உடையும். உடம்பிலேயே கெட்டியான எலும்பு காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புப் பகுதி. அதைச் சுரண்டிப் பொடியாக்கினால் மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு டி.என்.ஏ. கிடைக்கிறது என்று பத்து வருஷத்துக்கு முன்பு கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஆராய்ச்சிகள் வேகம் எடுத்தன.

நம் பக்கம் இதில் அதிர்ஷ்டம் குறைவு. வெயில் அப்படி. ஹரியானாவின் ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளை எடுத்துப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு பெண்ணின் எலும்பில் இருந்துதான் படிக்கும் அளவுக்கு டி.என்.ஏ. கிடைத்தது. 2019-இல் அதை வெளியிட்டார்கள். ஹரியானாவிலேயே அந்த நிலைமை என்றால் நம் கொங்குச் சீமையில் கேட்கவே வேண்டாம். ஆக நம் திமில் மாட்டின் பழைய கதையைக்கூட அடுத்தவன் மண்ணில் புதைந்த எலும்பில் இருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வம்சம்

உலகத்தில் இருக்கும் மாடு எல்லாம் இரண்டு வம்சம். திமில் இருப்பது ஒன்று, திமில் இல்லாத ஐரோப்பிய மாடு இன்னொன்று. இரண்டுக்கும் மூதாதை ஆராக்ஸ் என்ற பெரிய காட்டு இனம். ஆனைமலையில் நாம் பார்க்கும் காட்டு மாடு வேறு, இது வேறு. ஆராக்ஸ் இப்போது உலகத்தில் எங்கேயும் கிடையாது. கடைசி ஆராக்ஸ் 1627-இல் போலந்து நாட்டுக் காடு ஒன்றில் செத்தது. அது ஒரு பசு.

மேற்கு ஆசியாவில், இன்றைக்குத் துருக்கி, சிரியா, ஈராக் இருக்கும் பகுதியில் சுமார் 10,500 வருஷத்துக்கு முன்பு ஆராக்ஸைப் பழக்கினார்கள். அதில் இருந்து வந்தது திமில் இல்லாத மாடு. அந்த வம்சம் முழுக்க ஏறக்குறைய 80 பசுக்களில் இருந்து கிளம்பியிருக்கலாம் என்று 2012-இல் கணக்குப் போட்டார்கள். எங்கள் ஊர் ஒரு தெருவில் இருக்கும் மாட்டு எண்ணிக்கை அது. காட்டுக்குள் தானாகத் திரிந்த, ஆள் உயரம் நிற்கும் மிருகத்தைப் பிடித்துக் கட்டுத்தறியில் கட்டிப் பால் கறப்பது எவ்வளவு கஷ்டம் என்று, புதுசாகக் கன்று போட்ட கிடாரியைக் கறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திமில் மாடு தனியாக வந்தது. சுமார் 8,000 வருஷத்துக்கு முன்பு சிந்து சமவெளிப் பக்கம், பலுசிஸ்தானின் மெஹர்கர் போன்ற இடங்களில், இந்தப் பக்கத்து ஆராக்ஸைப் பழக்கினார்கள். மேற்கு ஆராக்ஸும் நம் பக்கத்து ஆராக்ஸும் அதற்குப் பல லட்சம் வருஷம் முன்பே பிரிந்தவை. அதனால் ஜெர்சியும் காங்கேயமும் தூரத்துச் சொந்தம்தான், அதுவும் மனிதன் மாட்டைத் தொடுவதற்கு ரொம்ப முன்னாடியே பாகம் பிரித்துக்கொண்ட சொந்தம்.

தென்னிந்தியாவுக்கு மாடு வந்த பிறகு நடந்ததற்குத் தடயம் சாம்பல் மேடுகள். பல்லாரி, ராய்ச்சூர், மகபூப்நகர் பக்கம் பெரிய பெரிய மேடுகளாக நிற்கின்றன. ரொம்ப நாள் எரிமலைச் சாம்பல் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். எல்லாம் எரிந்த சாணி. உட்னூரில் தோண்டிய ஆல்ச்சின் என்ற ஆய்வாளர் மாட்டுக் குளம்படிகளையே பார்த்தார். நாலாயிரம் வருஷத்துக்கும் முந்திய பட்டி அது. ஆக நண்பர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது: நாட்டு மாடு சிந்து சமவெளிப் பக்கம் வீட்டுக்கு வந்து, தெற்கே இறங்கி, நாலாயிரம் வருஷமாவது நம் வெயிலில் நின்ற மாடு.

காளை மட்டும் போன கதை

மீதிப் பாதி இன்னும் சுவாரசியம். 2019-இல் அயர்லாந்தின் டப்ளினில் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த டேன் பிராட்லியின் குழு, 67 பழைய மாடுகளின் டி.என்.ஏ.வைப் படித்து வெளியிட்டது. அதில் 6 ஆராக்ஸும் உண்டு. எலும்புகள் துருக்கி, இஸ்ரேல், ஈராக், ஈரான் என்று பல இடங்களில் கிடைத்தவை, பல ஆயிரம் வருஷத்தைச் சேர்ந்தவை. அதை வரிசைப்படுத்திப் பார்த்தபோது தெரிந்தது இதுதான். மேற்கு ஆசியாவில் ஆயிரக்கணக்கான வருஷம் திமில் இல்லாத மாடுதான் இருந்தது. சுமார் 4,200 வருஷத்துக்கு முன்புவரை அதில் திமில் மாட்டு ரத்தம் இல்லை என்றே சொல்லலாம். அதற்குப் பிறகு சில நூறு வருஷத்திலேயே அந்தப் பகுதி மாடுகளில் பரவலாகத் திமில் மாட்டு ரத்தம் கலந்துவிட்டது.

அந்த 4,200 என்ற கணக்கு வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. அந்தச் சமயத்தில்தான் பல தலைமுறை நீடித்த பெரிய வறட்சி வந்தது. மெசபடோமியாவில் அக்காடியப் பேரரசு சரிந்தது. சிரியாவின் டெல் லெய்லான் என்ற ஊரை மக்கள் விட்டுவிட்டே போனார்கள், அங்கே தோண்டியவர்கள் புழுதி படிந்த வெறும் மண்ணைத்தான் பார்த்தார்கள். மழையை நம்பி விதைத்தவன் ஊரை விட்டுப் போனான். மாட்டை நம்பியவன் என்ன செய்தான்? வெயில் தாங்கும் மாட்டைத் தேடினான் என்பதுதான் இந்த எலும்புகள் சொல்லும் பதில். திமில் மாட்டின் தோல் தளதளவென்று தொங்கும், வியர்வைச் சுரப்பி அதிகம், தண்ணீர் குறைவாகக் கேட்கும், காய்ந்த தீனியிலும் காலம் தள்ளும். வைகாசி வெயிலில் ஜெர்சிக் கலப்பு நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்குவதையும், பக்கத்தில் மயிலைப் பசு அசை போட்டுக்கொண்டு படுத்திருப்பதையும் தினமும் பார்க்கிற ஆள் நான். எனக்கு இந்த இடம் புரிய விஞ்ஞானி தேவைப்படவில்லை.

ஆனால் விஞ்ஞானி இல்லாமல் தெரிந்திருக்கவே முடியாத ஒன்று அடுத்து இருக்கிறது. டி.என்.ஏ.வில் ஒரு சின்னப் பகுதி, மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது, தாயிடம் இருந்து மட்டும் வரும். அம்மா, அம்மாயி, அம்மாயியின் அம்மா என்று பெண் வழியாகவே போகும். அந்தப் பழைய மாடுகளின் மொத்த டி.என்.ஏ.வில் திமில் மாட்டு ரத்தம் ஏறிக்கொண்டே போகும்போது, தாய்வழிப் பகுதி மட்டும் பெரும்பாலும் பழைய மேற்கு மாட்டினுடையதாகவே நின்றது. அப்படி என்றால் கிழக்கே இருந்து பசு போகவில்லை. காளைதான் போயிருக்கிறது.

இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. காரணம், இப்போதும் நாங்கள் அதைத்தானே செய்கிறோம். ஊர் மாட்டை மாற்ற வேண்டும் என்றால் நூறு பசு வாங்க எவனிடமும் காசு இருக்காது. ஒரு நல்ல பொலிகாளை போதும். பசு வருஷத்துக்கு ஒரு கன்று போடும். காளை ஒன்று நல்லபடியாக நின்றால் சுத்துப்பட்டு ஊர் மாட்டையெல்லாம் சினையாக்கிவிடும். பத்து வருஷத்தில் ஊர் மாட்டின் சாயலே மாறிவிடும். கண்ணபுரம் சந்தையில் காளைக்கும் பசுவுக்கும் விலை எப்படிப் போகிறது என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாலாயிரம் வருஷத்துக்கு முன்பும் விவசாயி அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறான். வறட்சிக்குத் தப்பித் தானாக அலைந்து திரிந்த மாட்டுக் கூட்டம் என்றால் காளையும் பசுவும் சேர்ந்துதான் வந்திருக்கும். காளை மட்டும் வந்தது என்றால் யாரோ பார்த்து, விலை பேசி, கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதே காலகட்டத்தில் எருமையும் மேற்கே போயிருக்கிறது. அக்காடிய எழுத்தர் ஒருவரின் முத்திரையில் வளைந்த கொம்போடு எருமை தண்ணீர் குடிக்கிறது, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கத்துக் கால்நடைக்கு அங்கே மவுசு இருந்திருக்கிறது.

இது ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவில் இன்று கிழக்குப் பகுதி முழுக்கத் திமில் மாடு. ஆனால் தாய்வழியைப் பார்த்தால் எல்லாம் திமில் இல்லாத மாட்டு வம்சம். அங்கேயும் போனது காளை. பிறகு பிரேசில். நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாட்டை 19-ஆம் நூற்றாண்டில் இருந்து கப்பலில் கொண்டு போனார்கள். மொத்தமே சில ஆயிரம்தான் போனது. இன்று பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மாடு இருக்கிறது, பெரும்பகுதி திமில் மாடும் அதன் கலப்பும்தான். அந்த ஊர் பெயரையே 'நெலோர்' என்று இனப் பெயராக வைத்திருக்கிறார்கள். பார்த்தால் அச்சு அசல் ஓங்கோல். ஆனால் நிறைய மாடுகளின் தாய்வழி டி.என்.ஏ. போர்ச்சுக்கீசியர்கள் கொண்டு போன ஐரோப்பிய மாட்டினுடையது. மூன்று கண்டம், மூன்று காலம், ஒரே கதை.

மாட்டிடம் இருந்து வந்த அம்மை

காளை போகும் வழியில் காளை மட்டும் போகாது, நோயும் சேர்ந்து போகும். இதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது.

எங்கள் அப்பாரு கடைசிவரை பயந்து பேசிய வார்த்தை 'வெக்கை'. கோமாரி வந்தால் மாடு இளைக்கும், பால் குறையும், பார்த்துப் பார்த்துத் தேற்றிவிடலாம். வெக்கை வந்தால் பட்டியே காலி. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், ஒரு வாரத்தில் சாவு. ஒரு வீட்டில் எட்டு மாடு கட்டியிருந்து, எட்டாம் நாள் ஏர் பூட்ட மாடு இல்லாமல் மனுஷன் நுகத்தடியைப் பிடித்த கதையை அவர் சொல்வார். ரிண்டர்பெஸ்ட் என்று இங்கிலீஷில் சொல்லும் நோய் அது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஆரம்பித்ததற்கே இந்த நோய் ஒரு பெரிய காரணம். வெள்ளைக்காரன் முக்தேஸ்வரில் கால்நடை ஆராய்ச்சிக்கூடம் வைத்ததும் இதற்காகத்தான். 1887 வாக்கில் இத்தாலியர்கள் கொண்டுபோன மாடுகளோடு ஆப்பிரிக்காவுக்குள் போய், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கண்டம் முழுக்க இறங்கியது. பல இடங்களில் பத்தில் ஒன்பது மாடு செத்தது. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் பஞ்சம் வந்து, மக்களில் மூன்றில் ஒரு பங்கு போனது என்பார்கள். அந்த அழிவுக்குப் பிறகு அங்கே திமில் மாடு இன்னும் பரவியது என்றும் கருதுகிறார்கள்.

இப்போது இந்த நோயின் வம்சத்துக்கு வருவோம். 1912-இல் பெர்லினில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தட்டம்மை வந்து, நுரையீரலில் சளி கட்டிச் செத்துப்போனது. எங்கள் பக்கம் இதை மணல்வாரி என்போம். அந்தக் காலத்து டாக்டர்கள் குழந்தையின் நுரையீரலை ஃபார்மலினில் போட்டு வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அருங்காட்சியகத்துப் பாட்டிலில் கிடந்தது. அதில் இருந்து ஒரு துளியூண்டு எடுத்து, அதற்குள் இருந்த வைரஸைப் படித்து 2020-இல் வெளியிட்டார்கள். தட்டம்மை வைரஸிடம் இருப்பது டி.என்.ஏ. இல்லை, அதைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும் ஆர்.என்.ஏ. அதுவே ஃபார்மலினில் நூறு வருஷம் நின்றிருக்கிறது.

அதை வைத்துக் கணக்குப் போட்டபோது, தட்டம்மையும் மாட்டு வெக்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவை, பிரிந்தது சுமார் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று வந்தது. முன்னே பின்னே சில நூறு வருஷம் இருக்கலாம். அதுவரை கி.பி. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பிரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது.

ஏன் கி.மு. 6? தட்டம்மை ஒருவருக்கு ஒரு தடவைதான் வரும். புதுசாகப் பிறக்கும் குழந்தைகள் கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் அந்த வைரஸ் பிழைக்கும். அதற்கு ஒரே இடத்தில் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேராவது வேண்டும். அந்த அளவு நகரங்கள் உலகத்தில் எழ ஆரம்பித்தது ஏறக்குறைய அந்தச் சமயம்தான். மாட்டோடு பத்தாயிரம் வருஷமாகக் கிராமத்தில் படுத்து எழுந்திருக்கிறோம். எத்தனையோ தடவை நோய் தாவியிருக்கும், சின்ன ஊரில் தானாகவே அணைந்தும் போயிருக்கும். பெரிய ஊர் வந்த பிறகுதான் தாவியது நிலைத்தது. "மாடு வைத்திருந்தால் நோய் வரும்" என்று அபார்ட்மெண்டில் இருந்து பேசுபவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கவும். மாடு பாதி, நகரம் பாதி.

எல்லாப் பழியும் மாட்டின் மேல் வேண்டாம் என்பதற்கு இன்னொன்று. காசநோய் மாட்டிடம் இருந்து மனிதனுக்கு வந்தது என்றுதான் ரொம்ப நாள் புத்தகத்தில் இருந்தது. கிருமிகளின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்தால், மாட்டுக் காசநோய்க் கிருமி பின்னால் பிரிந்த கிளை. மாட்டில் இருந்து மனிதனுக்கு என்ற பழைய கதை நிற்கவில்லை. பெரு நாட்டில் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மூன்று எலும்புக்கூடுகளில் கிடைத்த காசநோய்க் கிருமி, கடல்நாய்களிடம் இருக்கும் கிருமிக்கு நெருக்கமாக இருந்தது. 2014-இல் வந்த ஆய்வு இது. கொலம்பஸ் போவதற்கு முன்பே கடல்நாய் வழியாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறது அந்த நோய்.

வெக்கைக்கு நல்ல முடிவு கிடைத்தது. வால்டர் பிளவ்ரைட் என்பவர் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி ஊர் ஊராகப் போனது. இந்தியாவில் 1995-க்குப் பிறகு நோய் பதிவாகவில்லை. 2011-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முழுசாக ஒழித்த ஒரே நோய். அப்பாரு அதைக் கேட்க இல்லை.

மண்ணே சாட்சி

எலும்பும் வேண்டாம், வெறும் மண்ணே போதும் என்ற இடத்துக்கும் இந்த ஆராய்ச்சி வந்துவிட்டது. கிரீன்லாந்தின் வடக்கு முனையில் காப் கோபன்ஹாவ்ன் என்ற இடம். இன்றைக்கு மரம் என்று ஒன்றுகூட இல்லாத குளிர்ப் பாலைவனம். அங்கே மண்ணில் 41 மாதிரி எடுத்து 2022-இல் வெளியிட்டார்கள். மண் 20 லட்சம் வருஷம் பழையது. அதில் பாப்லர், பிர்ச் மரங்கள், முயல், வாத்து, கலைமான், யானை இனத்தைச் சேர்ந்த மாஸ்டொடான் எல்லாவற்றின் டி.என்.ஏ.வும் இருந்தது. அப்போது அந்த இடம் இப்போதைவிட 11 முதல் 19 டிகிரி வரை சூடாக இருந்திருக்கிறது.

இத்தனை வருஷம் எப்படி நின்றது என்றால், களிமண். இலையோ சாணியோ மட்கும்போது வெளியே வரும் டி.என்.ஏ. களிமண் துகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது சுலபத்தில் உடையாது, மேலே குளிரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. களிமண் எதைப் பிடித்தாலும் விடாது என்பது வண்டல் காட்டில் ஏர் ஓட்டியவனுக்குத் தெரிந்ததுதான், இவ்வளவு பிடிக்கும் என்று நினைத்ததில்லை.

எங்கள் கொறங்காட்டு மண்ணை யாராவது எடுத்துப் பார்த்தால் கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல் மரமும், வேலிக் கிளுவையும், காங்கேயம் மாடும் வரிசையாக எழுதியிருக்கும். ஆனால் எங்கள் வெயிலில் அந்த எழுத்து ரொம்ப நாள் நிற்காது. இங்கே என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி மண்ணில் தங்காது என்றால், மேலே உயிரோடு நிற்பதுதான் சாட்சி.

இப்போது எந்தப் பக்கம் போகிறோம்

இன்றைக்குக் காளையைக் கயிறு பிடித்து நடத்த வேண்டியதில்லை. கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சியில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள், பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருகிறது. ஊரில் இதைச் 'சினை ஊசி' என்போம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்பு திமில் காளை மேற்கே போனது, இப்போது மேற்கத்திக் காளை குச்சிக்குள் கிழக்கே வருகிறது. இன்றைய மாட்டு எலும்பை மூவாயிரம் வருஷம் கழித்து ஒருவர் படித்தால், தாய்வழி காங்கேயம், தந்தைவழி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் என்றுதான் வரும். அவர் குழம்பிப் போவார். 'பூமி சூடான காலத்தில் போய் குளிர்நாட்டுக் காளையை ஏன் எடுத்தார்கள்' என்று கேட்பார்.

பதில் என்னிடம் இருக்கிறது, பால் சொசைட்டி சீட்டு. நாட்டுப் பசு வேளைக்கு ஒன்றரை லிட்டர், ரெண்டு லிட்டர். கலப்பு மாடு அதே நேரத்தில் ஐந்து, ஆறு கறக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வரும் அந்தப் பணத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை நாலு ஜெர்சிக் கலப்பு வைத்திருக்கிறார். "மாமா, உங்க காளை அழகுதானுங்க. அழகைக் கறக்க முடியுங்களா?" என்பார். அவர் கேட்பதில் தப்பு இல்லை. டிராக்டர் வந்த பிறகு உழவுக்குக் காளை வேண்டாம். கிணற்றில் மோட்டார் வந்த பிறகு கவலை ஏற்றக் காளை வேண்டாம். வேலை போன மாட்டை அழகுக்கு வைத்திரு என்று எந்த விவசாயியிடமும் சொல்ல முடியாது.

கலப்பே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த 67 மாட்டு எலும்பும் காட்டுவது கலப்பைத்தான். வறட்சி வந்தபோது மேற்கு ஆசியக்காரன் கலந்தான், பிழைத்தான். ஆனால் அவன் கலக்க நினைத்த அன்றைக்குக் கிழக்கே ஒருவன் திமில் காளையை வைத்திருந்தான். அது முக்கியம். அந்தக் கிழக்கத்தியான் தன் காளையை விற்றுத் தீர்த்துவிட்டு மேற்கு மாட்டையே வாங்கிக் கட்டியிருந்தால், வறட்சி வந்த அன்று யார் யாரிடம் போயிருப்பார்கள்?

இப்போது அந்தக் கிழக்கத்தியான் நாம்தான். குச்சியில் வரும் பக்கம் எவ்வளவு குறுகியது என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஊசிக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் ஒய் குரோமோசோமை, அதாவது தந்தை வழியை மட்டும், எடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல், 1960-களில் பிறந்த இரண்டே இரண்டு காளைகளில் போய் நின்றது. 2015-இல் வந்த ஆய்வு. உலகம் முழுக்கப் போகும் இனத்துக்கு அப்பன் வழி இரண்டு. நாளைக்குப் புதுசாக ஒரு வெக்கை வந்தால், புதுசாக ஒரு நூறு வருஷ வறட்சி வந்தால், எதில் இருந்து எடுப்பது?

நான் ஒரு காரிக் காளையைப் பொலிக்கு வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ரெண்டு மூணு பசு வந்தால் அதிகம். வரும் பணம் அதன் பருத்திக்கொட்டைக்கே காணாது. கட்டுத்தறியில் ரெண்டு கலப்பு மாடும் நிற்கின்றன, அவை போடும் பாலில்தான் காளையும் சாப்பிடுகிறது. இதில் பெருமை ஒன்றும் இல்லை, கணக்கு அப்படித்தான் ஓடுகிறது. காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலம்பாடி என்று ஒவ்வொரு இனத்துக்கும் இப்படிச் சில ஆட்கள் அங்கங்கே கையைக் கடித்துக்கொண்டு காளை வைத்திருக்கிறார்கள். ஜல்லிக்கட்டுக்காக வளர்ப்பவர்களும் இதில் சேர்த்திதான். மாடு பிடிக்கும் நாள் வருஷத்தில் ஒன்று, மற்ற நாளெல்லாம் ஊரில் ஒரு பொலிகாளை உயிரோடு நிற்கிறது.

நகரத்தில் இருக்கும் நண்பர்கள் "நாங்க என்ன செய்யலாம்?" என்று கேட்பீர்கள். நாட்டு மாட்டுப் பால் என்று விலை கூடக் கொடுத்து வாங்கினால், விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க பசுவை எந்தக் காளைக்கு விட்டீங்க?" பசு யாரிடமும் இருக்கும். காளை இருக்கும் வீட்டைத் தேடிப் போய் வாங்குங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மோட்டார் ரூமில் கரண்ட் வந்துவிட்டது. வாழைக்குத் தண்ணி திருப்ப வேண்டும். அடுத்த தடவை கொறங்காட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.